அறைக்குள் வளரும் மிளகாய் நாற்று: கறுப்பு ஈ, மஞ்சள் வித்திலை, இலைக்கடியில் வெண்மணி

கேள்வி: ஜனவரி 8, இரவு 9.15

முதன்முறையாக அறைக்குள் விளக்கொளியில் மிளகாய் நாற்று விட்டிருக்கிறேன். 24 குழிகள் கொண்ட குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரியவிடுகிறேன். விதை முளைத்து 18 நாள் ஆகிறது. தட்டைத் தொட்டாலே சிறு கறுப்பு ஈக்கள் எழுந்து பறக்கின்றன. பல நாற்றுகளில் வித்திலை மஞ்சளாகிவிட்டது, அதற்கு மேலுள்ள இலைகளின் அடியில் கண்ணாடித் துகள் போல வெண்மணிகள் தெரிகின்றன, குருத்தும் சுருள்கிறது. பூச்சி என்று கருதி வேப்பெண்ணெயை லிட்டருக்கு 30 மில்லி வீதம் இரண்டு முறை தெளித்தேன். நிலைமை மேலும் மோசமாகியிருக்கிறது. அடுத்து எந்த மருந்தைத் தெளிக்க வேண்டும்?

ஜனவரி 8, இரவு 10.40

எதையும் தெளிக்க வேண்டாம். தெளித்த இரண்டு முறையே அதிகம். லிட்டருக்கு 30 மில்லி என்பது வயலில் வேரூன்றி நிற்கும் செடிக்குச் சொல்லப்படும் 3 விழுக்காட்டுக் கரைசல். அங்கேயும் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்காதபடி சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகே தெளிப்பார்கள். நான்கு இலை விட்ட நாற்று அந்த அளவைத் தாங்காது. அதிலும் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது தெளித்தால் இலை மேல் எண்ணெய்ப் படலம் படிந்து, இலைத்துளைகள் அடைபட்டு, ஓரம் கருகும். இப்போது நீங்கள் காணும் கேடுகளில் எது முன்பே இருந்தது, எது எண்ணெய் கொண்டுவந்தது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றுகிறீர்கள், அடித்தட்டில் நீர் தேங்குகிறதா, விளக்கு இலையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

வித்திலை மஞ்சளாவதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். உண்மையிலைகள் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு அது வெளிறி உதிர்வது இயல்பு. 18 நாள் என்பது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

ஜனவரி 9, காலை 6.50

மூன்று கேள்விக்கும் நீங்கள் எழுதிய பதிலைப் படித்தேன். காலையும் மாலையும் நீர். அடித்தட்டில் எப்போதும் ஒரு விரல்கடை தேக்கம். விளக்கு 10 சென்டிமீட்டர் உயரத்தில். மூன்றும் பிசகு. முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்துதான் அந்த ஈக்களை வரவழைத்திருக்கின்றன.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அவை பூஞ்சை ஈக்கள்: 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், கொசுவைப் போன்ற மெல்லிய உடல், நீண்ட கால், பறப்பதைவிட மண்மேல் ஓடுவதில் நாட்டம். இதோடு குழப்பிக்கொள்ளத்தக்கது பாசி ஈ. அது தடித்த உடலும் குட்டை உணர்கொம்பும் கொண்டு, வீட்டு ஈயின் சிற்றுருவம் போல இருக்கும், மண்மேல் பச்சைப் பாசி படர்ந்த இடத்தில் திரியும், வேரைத் தொடாது. பூஞ்சை ஈயும் இலையைக் கடிப்பதில்லை. தொல்லைதானே தவிர, நாற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஜனவரி 9, பிற்பகல் 2.20

காலையில் எழுதிய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். வளர்ந்த தொட்டிச் செடிக்கு அது பொருந்தும், நாற்றுக்குப் பொருந்தாது. ஈ தீங்கற்றதுதான், ஆனால் அது ஈரமண்ணில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு பூஞ்சையோடு வேர்த்தூவிகளையும் மேய்கிறது. செடியின் மொத்த வேரும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பருவத்தில் அந்த இழப்பு சிறிதன்று.

என்னை இப்படி எழுதவைத்தது என் முதல் ஆண்டு அனுபவத்தின் எதிர்வினை என்று நினைக்கிறேன். அப்போது 36 நாற்று விட்டேன். மூன்றாம் வாரத்துக்குள் 20 சாய்ந்தன. ஈக்களைப் பார்த்துவிட்டு எல்லாப் பழியையும் அவற்றின் மேல் போட்டு, மின்மட்டையும் கையுமாக ஓர் இரவு முழுவதும் அறைக்குள் நின்றேன். பிறகு செத்த நாற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தபோது தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து நூல்போல இறுகியிருந்தது. அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் தேங்கிய ஈரத்தில் செய்யும் வேலை அது. சாய்ந்த நாற்றை எதனாலும் நிமிர்த்த முடியாது. அன்றிலிருந்து ஈக்களுக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே நற்சான்று கொடுத்துவந்திருக்கிறேன். உண்மை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது: அதே ஈரம் இரண்டையும் அழைக்கிறது, புழு கடித்த புண் வழியே அழுகல் எளிதாக உள்ளே போகிறது, ஈயே நோயை ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குச் சுமந்தும் செல்கிறது.

ஆகவே இன்று இரவே அடித்தட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். உருளைக்கிழங்கை விரல் தடிமனுக்கு வெட்டி, வெட்டிய முகம் மண்ணைத் தொடுமாறு நான்கைந்து குழிகளில் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் கொண்ட புழுக்கள் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஜனவரி 11, மாலை 5.30

ஒரே துண்டில் ஏழு புழு என்று எழுதியிருக்கிறீர்கள். சிறு குழிக்கு அது நிறைய. மஞ்சள் ஒட்டட்டையை (பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை) தட்டின் விளிம்பில், மண்ணுக்கு அருகில் வையுங்கள். ஈ உயரப் பறப்பதில்லை. அட்டை ஈக்களை ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். வாரத்துக்கு எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளத்தான் அது. அந்த எண் இல்லாமல் நாம் செய்யும் எதுவும் பலித்ததா என்று தெரியாது.

அடுத்து வெண்மணிகள். நேற்று அவை சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தியின் முட்டையாக இருக்கலாம் என்று எழுதி, அனுப்பும் முன் அழித்துவிட்டேன், அழித்தது நல்லதாயிற்று. நகத்தால் கீறினால் நீர் கசிகிறது, உதிரவில்லை, இலையோடு ஒட்டிய மேடாகவே இருக்கிறது என்று நீங்கள் சொல்வது முட்டைக்குப் பொருந்தாது. முட்டை இலைமேல் உட்கார்ந்திருக்கும். தூரிகையால் தள்ளினால் நகரும். உங்களுடையது நீர்க்கொப்புளம். வேர் இழுக்கும் நீரை இலை அதே வேகத்தில் ஆவியாக வெளியேற்ற முடியாதபோது இலையடியின் உயிரணுக்கள் வீங்கி வெடிக்கின்றன. மண்ணில் நீர் மிகுதி, காற்றில் ஈரம் மிகுதி, காற்றோட்டம் இன்மை ஆகிய மூன்றும் கூடினால் மிளகாயிலும் தக்காளியிலும் இது எளிதில் வரும். புறஊதாக் கதிர் இல்லாத செயற்கை ஒளியில் கூடுதலாகவே வரும். தொற்றாது. கொப்புளம் வந்த இலை பழைய நிலைக்குத் திரும்பாது; அந்த இடம் தக்கை போலக் காய்ந்து நிற்கும். அதன்பின் விடும் இலை சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிறு மின்விசிறியை நாற்று மெல்ல அசையும் அளவுக்கு ஓடவிடுங்கள். தட்டின் மேல் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஜனவரி 11, இரவு 11.05

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இதே கொப்புளத்தை முட்டை என்று நம்பி, ஒரு வாரம் முழுவதும் ஒவ்வோர் இலையையும் சோப்புநீர் தொட்ட பஞ்சால் துடைத்தவன் நான். முட்டை பொரிக்கவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

ஜனவரி 13, காலை 8.10

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துப் புட்டிகளுக்குச் செலவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு அது. வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டி, விழுந்த தூசியை ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். தூசி நடந்தால் அது தூசி இல்லை. மெல்ல ஊர்வது செஞ்சிலந்தி. முதிர்ந்ததன் முதுகில் இரு பக்கமும் கரும்புள்ளி தெரியும். நீண்டு ஒடுங்கிய உடலோடு விரைந்து ஓடுவது இலைப்பேன். அசைவற்ற வெள்ளைச் சக்கைகள் விழுந்தால் அசுவினி தோலுரித்திருக்கிறது. குருத்தின் அடியைப் பாருங்கள்.

இலையும் சாட்சி சொல்லும். செஞ்சிலந்தி சாறு உறிஞ்சிய இடம் ஊசி குத்தியது போன்ற வெளிர்ப்புள்ளிகளாகத் தொடங்கி, முற்றினால் நூலாம்படை கட்டும். இலைப்பேன் சுரண்டிய இடம் வெள்ளிப் பூச்சுப் போல மின்னும். அதன்மேல் கரும்புள்ளிகளாக எச்சம் கிடக்கும். மிளகாய் வளர்ப்போர் வழக்கமாகக் கைக்கொள்ளும் குறி ஒன்று உண்டு: இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. பின்னது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான், கைவில்லைக்கும் சுலபத்தில் அகப்படாது. ஆகவே அதை இலையின் கோலத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் குருத்து எந்தப் பக்கம் சுருள்கிறது?

ஜனவரி 14, இரவு 9.45

மேல்நோக்கி என்கிறீர்கள், ஆகவே இலைப்பேன் என்று நீங்களே முடிவுகட்டி, நீல ஒட்டட்டையும் வாங்கிவிட்டீர்கள். அந்தக் குறியை அவ்வளவு திட்டவட்டமாக எழுதியது என் பிழை. திறந்த வயலில், பூச்சி இருக்கிறது என்று முன்பே தெரிந்த இடத்தில், எந்தப் பூச்சி என்று பிரிப்பதற்கு அது உதவும். அறைக்குள், பூச்சி இருக்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது உதவாது. விளக்கு மிக அருகில் இருந்தாலும் இலை ஓரங்களை மேலே மடக்கிக்கொள்ளும். நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை தடித்துக் கீழே வளையும். தாளில் எதுவும் ஊரவில்லை, வெள்ளிப்பூச்சு இல்லை, எச்சப் புள்ளி இல்லை, விளக்கோ 10 சென்டிமீட்டரில் இருக்கிறது. இவ்வளவும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. விளக்கை 30 சென்டிமீட்டருக்கு உயர்த்தி நான்கு நாள் காத்திருங்கள். தண்டு இழுத்துக்கொண்டு நெட்டையாக வளரத் தொடங்கினால் சற்றே இறக்கலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இது செய்வதற்குக் கடினம்: அந்த நான்கு நாளில் வேறெதையும் மாற்றக் கூடாது. நீர் வடித்தது, விசிறி வைத்தது, விளக்கை உயர்த்தியது என்று ஏற்கெனவே மூன்றைச் சேர்த்துச் செய்யச் சொல்லிவிட்டேன், அவை அவசரம். இனி ஒவ்வொன்றாகப் போவோம்.

ஜனவரி 16, காலை 7.00

புழுவுக்கான மருந்து. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரியில் பல வகைகள் உண்டு. நமக்கு வேண்டியது இஸ்ரேலென்சிஸ் வகை. கொசுப்புழுவுக்கும் பூஞ்சை ஈயின் புழுவுக்கும் அதுவே நஞ்சு. நான் ஒருமுறை பெயரின் முதல் இரண்டு சொற்களை மட்டும் படித்துவிட்டு வாங்கி வந்தேன். மூன்று வாரம் முறை தவறாமல் ஊற்றினேன், ஈக்கள் பெருகின. நான்காம் வாரம் புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது சிற்றெழுத்தில் குர்ஸ்டாகி என்றிருந்தது. அது இலை தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கானது. ஈயின் புழுவுக்கு அது வெறும் தண்ணீர். புட்டியின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீரில் கலந்து, வழக்கமாக ஊற்றும் நீருக்குப் பதிலாக ஊற்ற வேண்டும். புழு அதைத் தின்றால்தான் சாகும். முட்டையையும் கூட்டுப்புழுவையும் ஈயையும் அது ஒன்றும் செய்யாது. மண்ணில் நெடுநாள் நிலைப்பதும் இல்லை. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை 3 நாள், புழு 10 நாள், கூட்டுப்புழு 4 நாள் என்று ஒரு சுற்று முடிய 17 நாள் ஆகும். குளிர்ந்த அறையில் இன்னும் நீளும். எனவே 5 நாள் இடைவெளியில் நான்கு முறையாவது ஊற்ற வேண்டும். முதல் வாரம் அட்டையில் எண்ணிக்கை குறையாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே கூட்டுப்புழுவானவை ஈயாகி வந்தே தீரும்.

ஜனவரி 17, மாலை 6.15

தனியாகச் சிலர் கேட்ட வீட்டு வைத்தியங்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். மண்மேல் ஒரு சென்டிமீட்டர் மணல் பரப்புவது முட்டையிடத் தடையாகும் என்பார்கள். பரப்பிப் பார்த்தேன், ஈக்கள் குழித்தட்டின் வடிதுளை வழியாகக் கீழிருந்து போய்விட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடை நீர்த்து ஊற்றினால் நுரைத்து, பட்ட புழுக்கள் சில சாகும். மென்வேருக்கும் அதே நுரைதான் என்பதால் நான் நிறுத்திவிட்டேன். லவங்கப்பட்டைத் தூளால் அறை மணந்தது.

"மேல்மண்ணைக் காயவிடு" என்ற அறிவுரையையும் நாற்றுக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய தொட்டியில் மேல் 5 சென்டிமீட்டர் காய்ந்தால் புழுவுக்கு இடம் போய்விடும்; செடியின் வேர் அதற்கும் கீழே நீர் குடித்துக்கொண்டிருக்கும். குழித்தட்டின் குழியோ மொத்தமே நாலைந்து சென்டிமீட்டர் ஆழம்தான். அங்கே மேல்மண் காய்வதென்றால் எல்லாமே காய்வது. புழுவைப் பட்டினி போடுவதற்கு முன் நாற்றைப் பட்டினி போட்டுவிடுவோம்.

ஜனவரி 18, காலை 7.30

அப்படியானால் எப்போதுதான் நீர் ஊற்றுவது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நான் விரலை நம்புவதை விட்டுவிட்டேன். தென்னை நார்க்கழிவு மேலே வெளிறிக் காய்ந்தது போலத் தோன்றும்போதும் உள்ளே பிழிந்தால் சொட்டும். தராசில் வையுங்கள். என் 24 குழித் தட்டு முழுக்க நனைந்து, சொட்டுவது நின்றபின் 960 கிராம். அது 620 கிராமுக்கு இறங்கிய பிறகே அடுத்த நீர். இரண்டரை நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகிறது. நீங்கள் நாளுக்கு இரண்டு முறை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். இந்த எடைகள் என் தட்டுக்கும் என் கலவைக்கும் உரியவை. உங்கள் தட்டை முழுதாக நனைத்து வடித்து, இலை துவளத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய எடையை நீங்களே கண்டறிய வேண்டும். நீரை அடித்தட்டில் ஊற்றி, இருபது நிமிடம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இஸ்ரேலென்சிஸ் ஊற்றும் நாளில் மட்டும் மேலிருந்து.

ஜனவரி 18, காலை 7.45

நாற்று வளர வளர அதன் எடையும் தராசில் ஏறும். பத்து நாளுக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பியுங்கள்.

ஜனவரி 24, இரவு 8.50

குருத்து விரிந்துவிட்டது, சுருள் இல்லை என்பது நற்செய்தி. புதுக் கேடு: இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மக்னீசியம் போதவில்லை. எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து ஊற்றுங்கள். தென்னை நார் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே.

ஜனவரி 25, காலை 5.40

தூக்கத்தில் உறைத்தது. எந்த இலை என்று கேட்காமலேயே மருந்து எழுதிவிட்டேன். முதல் நாள் உங்களுக்கு நான் சொன்ன புத்தி எனக்கே இல்லாமல் போயிற்று. எப்சம் உப்பை இன்னும் ஊற்றவில்லை என்றால் நிறுத்துங்கள்.

தழைச்சத்து, மக்னீசியம் போன்றவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. அவை குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். ஆகவே கீழ் இலை முதலில் மஞ்சளாகும். இரும்பும் கால்சியமும் ஒருமுறை அமர்ந்த இலையை விட்டு நகர்வதில்லை. அவை குறைந்தால் குருத்துதான் முதலில் காட்டும். நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக இருக்கும் ஒரே கோலம் கீழ் இலையில் மக்னீசியத்தையும் மேல் இலையில் இரும்பையும் குறிக்கும். படத்தை மறுபடி பார்த்தேன்: உங்களுடையது உச்சியிலுள்ள புது இலை.

இரும்புக் குறை என்றதும் இரும்பு வாங்கவும் ஓட வேண்டாம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலைதான் பெரும்பாலும். தேங்கிய நீரில் வேர் கெட்டிருந்தால் எடுக்க முடியாது. கார அமில நிலை (pH) ஏறியிருந்தாலும் எடுக்க முடியாது. வடியும் நீரைச் சோதித்து எண்ணைச் சொல்லுங்கள்.

ஜனவரி 26, பிற்பகல் 1.30

உங்கள் வடிநீரின் கார அமில நிலை 7.4 என்பது இந்தக் கலவைக்கு அதிகம். தென்னை நார்க்கழிவில் 5.8 முதல் 6.3 வரை இருந்தால் நாற்று நிம்மதியாக இருக்கும். உங்கள் நீர் கடினநீர் என்பதால் அதிலுள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக ஏற்றியிருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை என்றால் இரட்டிப்பு வேகத்தில். ஊற்றும் நீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகையாகக் கரைத்து 6-க்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். ஒரே நாளில் இறக்க முயன்று அமிலநீரை வாளிவாளியாக ஊற்றினால் பழைய தேக்கத்துக்கே திரும்பிவிடுவோம். வெளிறிவிட்ட இலை பச்சையாகிறதா என்று பார்க்க வேண்டாம். அடுத்து விரியும் இலையைப் பாருங்கள்.

எப்சம் உப்பையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே புட்டியில் கெட்டியாகக் கலந்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, இரண்டும் சேர்ந்து கால்சியம் சல்பேட்டாக அடியில் படிந்துவிடும்.

பிப்ரவரி 1, இரவு 10.20

பூச்சி இல்லை, பூச்சி இல்லை என்று மூன்று வாரமாக எழுதிவந்த எனக்குப் பூச்சி வந்துவிட்டது. அன்பளிப்பாக வந்த ரோஜாத் தொட்டியை, அழகாக இருக்கிறதே என்று, நாற்றுத் தட்டுக்கு அருகில் நான்கு நாள் வைத்தேன். இன்று மிளகாய் இலையில் வெளிர்ப்புள்ளி; தாளில் தட்டினேன், தூசி நடந்தது. செஞ்சிலந்தி. அறை வெப்பமாகவும் உலர்ந்தும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடித்துவிடும். உங்களுக்கு ஈரத்தைக் குறை என்று சொல்லிச் சொல்லி என் அறையை நான் வறளடித்துவிட்டேன் போலும்.

ரோஜா வெளியே போயிற்று. நூலாம்படை கட்டிய மூன்று நாற்றை உறையில் கட்டி எறிந்தேன். தயங்கி வைத்திருந்தால் மற்ற 21-உம் போயிருக்கும். மீதியைக் கவிழ்த்துப் பிடித்து, மண் கொட்டாதபடி குழிகளை மறைத்து, இலையடியில் நீரைப் பீய்ச்சிக் கழுவினேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலைத் தெளித்தேன். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். அது இலையின் மெழுகுப் பூச்சையும் சேர்த்தே கழுவிவிடும். சோப்பு பட்ட சிலந்திதான் சாகும், காய்ந்த பின் அதற்கு வலு இல்லை, முட்டையை அது பெரிதாகத் தொடுவதும் இல்லை. ஆகவே 5, 9 ஆகிய தேதிகளில் மறுபடி தெளிப்பேன். எந்தப் பூச்சியையும் கொல்லும் என்ற கடும் மருந்துகளை நான் எடுக்கவில்லை. பைரெத்ராய்டு வகை மருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளை முதலில் ஒழித்து, சிலந்தியை முன்னிலும் பெருகவிடுவது அடிக்கடி நடப்பது.

பிப்ரவரி 2, காலை 6.30

"பத்து நாள் தனிமையில் வைக்காமல் புதுச்செடியைத் தட்டருகே கொண்டுவரக் கூடாது" என்று போன ஆண்டுக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடிக்கோடு வேறு.

பிப்ரவரி 5, இரவு 9.00

உங்கள் அட்டைக் கணக்கை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: ஜனவரி 14-இல் 43, 21-இல் 38, 28-இல் 17, நேற்று 5. முதல் வாரம் 38 என்று வந்தபோது மருந்து போலி என்று நீங்கள் எழுதியது நினைவிருக்கும். அப்போது நானும் புட்டியின் சிற்றெழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாமா என்று எண்ணினேன். ஐந்தாவது முறையும் ஊற்றிவிடுங்கள். ஐந்து ஈ மிஞ்சியிருந்தாலும் ஒரு பெண் ஈ நூற்றுக்கு மேல் முட்டையிடும்.

பிப்ரவரி 9, மாலை 6.40

உங்கள் 24-இல் 19 பிழைத்திருக்கின்றன; இழந்த ஐந்தில் மூன்று ஜனவரி 10-க்கு முன்பே சாய்ந்தவை என்பதால் அவற்றை நாற்றழுகல் கணக்கில் எழுதுகிறேன். மற்ற இரண்டு எண்ணெயில் குருத்துக் கருகியவை. புது இலைகள் நல்ல பச்சை. கொப்புளம் கீழ் இரண்டு இலைகளோடு நின்றுவிட்டது. வடிநீர் 6.4.

வேர் குழியின் அடியில் வெண்மையாகச் சுற்றத் தொடங்கியிருந்தால் தொட்டிக்கு மாற்றலாம். பெரிய தொட்டிக்கு நேரே போகாமல், ஒரு லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய தொட்டியில் சிறு வேரைச் சுற்றி அவ்வளவு ஈரமண் இருந்தால் மறுபடி பூஞ்சை ஈக்கே விருந்து. பழைய குழித்தட்டைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு வீட்டு வெளுப்புத் திரவத்துக்கு (பிளீச்) ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவைத்த பிறகே அடுத்த விதைக்கு எடுங்கள்.

என் தட்டில் இன்று மூன்றாம் சோப்புத் தெளிப்பு முடிந்தது. தாளில் ஒன்றும் நடக்கவில்லை. 13-ஆம் தேதி மறுபடி தட்டிப் பார்க்கிறேன்.